மழைக்காலத்துல மாட்டுக்கொட்டாய்க்கு எந்த பூட்ஸ்தான்யா தாங்கும்?

தென்பெண்ணைக்கரை:
வணக்கம் மக்களே. ஒரே வருஷத்துல மூணு ஜோடி கம்பூட்ஸ் போச்சு, அந்த வயித்தெரிச்சல்லதான் இந்த இழை. ஊரு கடலூர் பக்கம், ஆத்தங்கரை. 7 ஜெர்சி கிராஸ், 3 கன்னு, அம்மாவோட செல்லமா ஒரு கிழட்டு உம்பளச்சேரி நாட்டு மாடு. கொட்டாய்ல பாதி சிமெண்ட் தரை, மீதி மண்ணு. ஐப்பசி கார்த்திகை வந்துட்டா மண்ணு பக்கம் முழுக்க சாணியும் மூத்திரமும் மழைத்தண்ணியும் கலந்து கணுக்கால் அளவு கொழகொழன்னு நிக்கும், 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல் வந்தப்ப ஆத்துத்தண்ணி ஏறி முட்டிக்கால் வரைக்கும் நின்னுச்சு, அதை விடுங்க, அதுக்கு எந்த பூட்ஸும் பதில் சொல்லாது.

மொத ஜோடி கணுக்கால் மடியிற இடத்துல விரிசல் விட்டுச்சு, நாலு மாசம்தான். ரெண்டாவது அடி தனியா வாயைத் திறந்துடுச்சு. மூணாவது நல்ல பூட்ஸ், ஆனா ஒரு சைஸ் பெருசு, சேத்துல கால் மாட்டி இழுத்தா கால் மட்டும் வெளிய வரும் பூட்ஸ் உள்ளயே நிக்கும், ஒரு நாள் பால் வாளியோட அப்படியே குப்புற விழுந்தேன், வாளில 9 லிட்டர் பால். சரி வெறுங்காலே போதும்னு விட்டா இப்ப விரலிடுக்கு பூரா சேத்துப்புண்ணு.

கேள்வி இதான். காலைல 4 மணிக்கு எழுந்து கறந்து சொசைட்டில ஊத்தணும், பூட்ஸுக்கு பாலிஷ் போட்டு கொஞ்சிக்கிட்டு இருக்க நேரம் கிடையாது. தண்ணி அடிச்சா சுத்தமாகணும், ரெண்டு வருஷம் உழைக்கணும். 2000 ரூபா வரைக்கும் போடலாம். லெதர் சேஃப்டி ஷூ நல்லாருக்கும்னு மச்சான் சொல்றான். என்ன வாங்கலாம்?

கொங்கு_எருமை:
மச்சான் பேச்சைக் கேக்காதீங்க. லெதர் கட்டுத்தாரைக்கு ஆகவே ஆகாதுங்க. நான் 2019ல ஒண்ணு வாங்கிப் பார்த்தேன். சாணி ஈரம், மூத்திரத்துல இருக்கற அமோனியா, ரெண்டும் சேர்ந்து மொதல்ல தையல் நூலைத் தின்னுது, அப்புறம் தோல் அப்பளமாட்ட காஞ்சு வெடிக்குது. தெனமும் தொடச்சு காயவெச்சு எண்ணெய் போட்டா தாங்கும், அதுக்கு இன்னொரு ஆளுக்கு சம்பளம் குடுக்கோணும். கேன்வாஸும் அதே கதைதான், நனைஞ்சா மூணு நாளைக்கு காயாது.

நம்ம வேலைக்கு முழங்காலுக்கு கீழ வரைக்கும் வர்ற ஒரே வார்ப்பு பூட்ஸுதானுங்க. தையலே இருக்கக்கூடாது. தையல் இருந்தா அங்கதான் தண்ணி போகும்.

ஹார்டுவேர்ஸ்_கடை:
கடைக்காரனா சொல்றேன், நல்லதும் கெட்டதும் என்கிட்டதான் வந்து நிக்கும். சந்தைல நாலு சாமான் இருக்கு. மொதல்லது பிவிசி, 90 சதவீதம் பேர் வாங்குறது அதான், என் கடையில 400ல இருந்து 700க்குள்ள. ரெண்டாவது ரப்பர், வளைஞ்சு கொடுக்கும், கால்ல ஒட்டி உக்காரும், ஆனா எண்ணெய், கிரீஸ், கொழுப்பு பட்டா ஊதிப்போயிடும், வெயில்ல கிடந்தா மேல பொடிப்பொடியா வெடிக்கும். மூணாவது நைட்ரைல்ங்கற செயற்கை ரப்பர் கலந்த பிவிசி, எண்ணெய்க்கும் பால் கொழுப்புக்கும் அசையாது, பிடிமானமும் நல்லாருக்கும். நாலாவது பியூ, அதாங்க பாலியூரித்தேன், தூக்கினா பஞ்சு மாதிரி இருக்கும், விலை ஆயிரக்கணக்குல போகும், உங்க பட்ஜெட்டுக்கு வராது.

உங்க மொத ஜோடி கணுக்கால்ல விட்டுச்சுன்னா அது மலிவு பிவிசி. பிவிசிய வளைய வெக்கிறதே உள்ள கலக்குற பிளாஸ்டிசைசர்தான், அது குறைச்சலா இருந்தாலோ வெயில் பட்டு வெளிய போனாலோ சாமான் வெறைச்சுடும். கடையிலயே டெஸ்ட் பண்ணலாம். கணுக்கால்ல ரெண்டு கையால மடக்கிப் பிடிச்சு பத்து எண்ணுங்க, விட்டதும் மடிப்புல வெள்ளைக் கோடு தெரிஞ்சா வாங்காதீங்க. மோந்தும் பாருங்க, மண்ணெண்ணெய் மாதிரி காட்டமா அடிச்சா பழைய பிளாஸ்டிக்கை உருக்கி ஊத்தினதா இருக்க வாய்ப்பு அதிகம். ஐஎஸ் 12254னு பிவிசி பூட்ஸுக்கு ஒரு தரம் இருக்கு, ஐஎஸ்ஐ முத்திரையோட அந்த நம்பர் இருந்தா நிம்மதியா வாங்கலாம். ரப்பருக்கு ஐஎஸ் 5557.

தென்பெண்ணைக்கரை:
அண்ணே வெள்ளைக்கோடு டெஸ்ட் சூப்பர். வீட்ல கிடக்குற ரெண்டாவது ஜோடிய இப்ப மடக்கிப் பாத்தேன், கோடு இல்ல, கோலமே வந்துச்சு.

வன்னிக்கொட்டில்:
வணக்கம். நான் கிளிநொச்சிப் பக்கம், 12 மாடு. நீங்கள் சேத்துப்புண் எண்டு லேசாச் சொல்லிப்போட்டீங்கள், அதுதான் எனக்குப் பயம். புண் உள்ள காலோட மாட்டுக்கொட்டிலுக்கை வெறுங்காலாய் நிக்கவே கூடாது. எலிக்காய்ச்சல் எலியின்ரை சலத்தால, அதாவது மூத்திரத்தால மட்டும் வாறதில்லை, தொற்றுள்ள மாட்டின்ரை சலத்தாலயும் வரும், ஈரமான வெடிப்புக்குள்ளால கிருமி நேர உள்ளுக்குப் போகும். 2024 டிசம்பரிலை வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலை பரவி ஆக்கள் செத்தவை. தொடக்கத்திலை வெறும் காய்ச்சல், மேல் நோ, கெண்டைக்கால் நோ எண்டுதான் இருக்கும், பனடோலைப் போட்டுட்டு படுத்திடுவினம், அதுக்குள்ளை கிட்னிக்குப் போயிடும். வயல்காரருக்கு முன்காப்பா டொக்சிசைக்கிளின் குளிசை குடுக்கிறவை, ஆனா அதை டொக்டரிட்டை கேட்டுத்தான் போடவேணும்.

ஆகவே உங்கடை முதல் வேலை பூட்ஸ் வாங்கிறதில்லை, கால் புண்ணைச் சுகமாக்கிறது. அதோட, ஓட்டை விழுந்த சப்பாத்து வெறுங்காலை விட மோசம். உள்ளுக்கை போன அழுக்குத்தண்ணி மூண்டு மணித்தியாலம் புண்ணோடயே நிக்குமெல்லே.

கால்நடை_அக்கா:
வன்னி அண்ணா சொன்னதை அப்படியே வழிமொழியிறேன். நான் கால்நடை ஆய்வாளரா வேலை பாக்குறேன், தெனமும் ஆறேழு கொட்டாய்க்கு போறவ. சேத்துப்புண்ணு காலை ஈரத்துல வெச்சா ஆறாது, தோல் டாக்டர்கிட்ட காட்டி பூஞ்சை மருந்து போடுங்க, மஞ்சளை மட்டும் அப்பிட்டு விட்டுடாதீங்க. பூட்ஸ் போட்டாலும் உள்ள வேர்வை கட்டினா அதே புண்ணு திரும்ப வரும். பிவிசிக்குள்ள காத்து போகாது. அதனால என் வழக்கம் ரெண்டு ஜோடி. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. 1500 ரூபாய்க்கு ஒரு ஜோடி வாங்கறதை விட 600 ரூபாய்ல ரெண்டு ஜோடி வாங்கி மாத்தி மாத்தி போட்டா ரெண்டும் காஞ்சு கிடைக்கும், ரெண்டும் ரொம்ப நாள் வரும். யாரும் இதைச் சொல்ல மாட்டாங்க, எல்லாரும் பிராண்டு பேர்தான் சொல்லுவாங்க.

சாக்ஸ் கட்டாயம். தெனமும் துவைச்சது. பருத்தி சாக்ஸ் நனைஞ்சா நனைஞ்சபடியே இருக்கும், பாதிக்குப் பாதி நைலான் கலந்தது சீக்கிரம் காயும்.

மழைக்கோட்டு:
சும்மா ஒரு சந்தேகம். மாடு கால்ல மிதிச்சா? விரல் மேல இரும்பு மூடி வெச்ச ஸ்டீல் டோ வேணாமா? ஆனா ஸ்டீல் நசுங்கி விரலையே வெட்டிடும்னு கேள்விப்பட்டேனே.

ஹார்டுவேர்ஸ்_கடை:
இந்தக் கதைய வாரம் ஒருத்தராவது சொல்றாங்க. 200 ஜூல்னு முத்திரை போட்ட ஸ்டீல் டோவை 15 கிலோ நியூட்டன் அமுக்கத்துல வெச்சு சோதிக்கிறாங்க, கிட்டத்தட்ட 1500 கிலோ எடை. உங்க ஜெர்சி கிராஸ் மொத்தமே 400 கிலோ, அதுவும் நாலு கால்ல பிரிஞ்சு நிக்குது. முழு மாடும் ஒத்தக்கால்ல நின்னா கூட வெட்டாது. ஆனா ஒண்ணு, ஸ்டீல் விரலை மட்டும்தான் காப்பாத்தும். மாடு மிதிக்கிறது பாதி நேரம் பாதத்து மேலதான்.

கொங்கு_எருமை:
எங்க எருமை சரியா அந்த ஸ்டீல் முடியற இடத்துல மிதிச்சுதுங்க. அளவெடுத்து மிதிச்சாப்ல. 🙂 ஆனாலும் ஸ்டீல் டோ வேணுமுன்னுதான் சொல்லுவேன், கன்னுக்குட்டி துள்ளிக் குதிக்கற காலத்துல விரல் தப்பிச்சுது. கனம் கொஞ்சம் சாஸ்தி, அது பழகிரும்.

ஊட்டிக்குளிரு:
நம்ம பக்கம் கதையே வேற. டிசம்பர் ஜனவரில உறைபனி விழுகுற காலைல பிவிசி பூட்ஸ் கல்லு மாதிரி ஆயிடும், போடறதுக்குள்ள கால் மரத்துப்போயிடும், வெறைச்சதை மடக்கினா சடக்குனு வெடிக்கும். நான் மூணு வருஷமா பியூதான். காசு கடிச்சது உண்மை, ஆனா குளிர் உள்ள இறங்கல. கடலூருக்கு அது தேவையில்ல, வேர்த்து ஊத்திடும்.

பியூ வாங்குறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆஃபர்ல வருதுன்னு ரெண்டு ஜோடி வாங்கி ஒண்ணைப் பரண்ல போட்டு வெச்சேன். ரெண்டரை வருஷம் கழிச்சு எடுத்து மாட்டி நாலு எட்டு வெச்சேன், அடிப்பாகம் பொரி உருண்டை மாதிரி உதிர்ந்துச்சு. காத்துல இருக்கற ஈரமே பியூவ உள்ளுக்குள்ள உடைச்சுடுமாம். போடாம வெச்சதாலயே கெட்டுப்போன சாமான் என் வாழ்க்கைல அது ஒண்ணுதான்.

ஹார்டுவேர்ஸ்_கடை:
அதனாலதான் பூட்ஸ் அடியில பாருங்கன்னு சொல்றது, நல்ல சேஃப்டி பூட்ஸ்ல செஞ்ச மாசமும் வருஷமும் அச்சடிச்சிருக்கும். பழைய ஸ்டாக்கைத்தான் பாதி விலைக்கு தள்ளுவாங்க.

வைக்காட்டோ_தம்பி:
அண்ணாச்சி, நான் திருநெல்வேலிக்காரன், இப்ப நியூசிலாந்துல வைக்காட்டோ பக்கம் ஒரு பால் பண்ணையில வேலை. 480 மாடு, வருஷம் பூரா பாதி நாள் மழை. இங்க பால் பண்ணைக்காரன்னா அவன் கால்ல கம்பூட்ஸ் இருக்கும், கடைக்குப் போனாலும் அதோடதான் போவான். ஸ்கெல்லரப்னு ஒரு கம்பெனி 1958ல கொண்டுவந்த ரெட் பேண்டுன்னு ஒரு பூட்ஸ், கெண்டைக்கால் பாதி வரைக்கும்தான் வரும், மேல சுத்தி ஒரு செவப்பு வளையம், அது இவங்களுக்கு நம்ம ஊரு ரப்பர் செருப்பு மாதிரி. தைஹாப்பேன்னு ஒரு ஊர்ல 1985ல இருந்து கம்பூட்ஸைத் தூக்கி எறியுற போட்டியே நடத்துதாவ.

நான் இங்க வந்து கத்துக்கிட்டது ரெண்டே விஷயம்தான். குட்டை பூட்ஸ் நடக்க சொகம், ஆனா சேறு ஆழமா இருந்தா முழங்கால் பூட்ஸ்தான். இன்னொண்ணு, கறவைக்கூடம் விட்டு வெளிய வரும்போதே ஹோஸ் பைப்ல பூட்ஸைக் கழுவிரணும், காய விட்டுட்டா சாணி சிமெண்டா ஆயிரும். 2017ல மைக்கோபிளாஸ்மா போவிஸ்னு ஒரு மாட்டு நோய் இந்த நாட்டுக்குள்ள வந்துச்சு, அதுக்கப்புறம் ஒரு பண்ணைல இருந்து இன்னொரு பண்ணைக்கு அழுக்கு பூட்ஸோட போனா முதலாளியே தொரத்திருவாரு.

கால்நடை_அக்கா:
தம்பி சொன்னது நமக்கும்தான். கோமாரி ஒரு கொட்டாய்ல இருந்து இன்னொரு கொட்டாய்க்கு போறதுல நம்ம செருப்புக்கும் பங்கு இருக்கு. பால்காரர், மாட்டு வியாபாரி, ஊசி போட வர்ற நாங்க, எல்லாருமே அதே காலோடதான் வீடு வீடா ஏறி இறங்குறோம். வாசல்ல ஒரு அகலமான தொட்டியில 4 சதவீத சலவைச் சோடா கரைசல், அதாவது 10 லிட்டர் தண்ணிக்கு 400 கிராம், வெச்சு அதுல முக்கி எடுத்துட்டு உள்ள போங்க. ஆனா மொதல்ல பிரஷ் போட்டு சாணியைத் தேய்ச்சு எடுக்கணும், சாணி அப்பின பூட்ஸை எந்த மருந்துல முக்கினாலும் பிரயோஜனம் இல்ல.

தென்பெண்ணைக்கரை:
அக்கா இதுல எங்க வீட்ல ஒரு சிக்கல் இருக்கு, சொல்லவே கூச்சமா இருக்கு. எங்க ஆயா கொட்டாய்க்குள்ள எதையும் கால்ல போட்டுக்கிட்டு நுழைய விடாது. லட்சுமி நிக்கிற எடத்துல செருப்பான்னு கத்தும். மாட்டுப்பொங்கலுக்கு பட்டி கும்புடுற எடம்னு. நான் பூட்ஸ் போட்டு போறப்பலாம் பின்னாடியே வந்து திட்டும். தெருவுல வேற, வேட்டிய மடிச்சுக்கட்டி கம்பூட்ஸோட நடந்தா என்னப்பா சாக்கடை அள்ளப் போறியான்னு நக்கல்.

கொங்கு_எருமை:
நக்கல் பண்றவங்க வந்து ஒரு நாள் சாணி அள்ளட்டுமுங்க. சாக்கடை அள்ளறவங்களுக்கே பாதிப் பேருக்கு பூட்ஸ் குடுக்கறதில்ல இந்த நாட்டுல, அதுல என்ன கேலி வேண்டிக்கெடக்குது.

கால்நடை_அக்கா:
ஆயாகிட்ட சண்டை போடாதீங்க தம்பி, ஆயா சொல்றதுல பாதி சரி. தெருவுல போட்ட செருப்பு உள்ள வரக்கூடாது, அவ்வளவுதானே? கொட்டாய்க்குன்னே ஒரு ஜோடி, வாசல்லயே ஒரு முளைக்குச்சி அடிச்சு அதுல மாட்டி வைங்க, அது கொட்டாயைத் தாண்டி வெளிய போகவே போகாது, வேற காலும் அதுல நுழையாது. எங்க டிபார்ட்மெண்ட்ல நோய்த்தடுப்புக்கு என்ன சொல்லிக்குடுக்கிறோமோ அதேதான் இது. இது தெருச்செருப்பு இல்ல ஆயா, லட்சுமிக்குன்னு தனியா வாங்கினதுன்னு சொல்லிப் பாருங்க.

மழைக்கோட்டு:
அக்கா நீங்க அரசியலுக்கு வரலாம்.

கொங்கு_எருமை:
பராமரிப்பு பத்தி நாலு வார்த்தை சொல்லிடறேன், மூணரை வருஷமா ஒரே ஜோடி ஓட்டறேனுங்க. கழுவினதும் தலைகீழா நெழல்ல மாட்டோணும். வெயில்ல வெச்சா சீக்கிரம் காயுமேன்னு வெக்காதீங்க, பிவிசியோ ரப்பரோ ரெண்டையும் வெயில்தான் கொல்லுது. உள்ள ஈரமிருந்தா பழைய பேப்பரைக் கசக்கித் திணிச்சிருங்க. பளபளப்புக்குன்னு தேங்காயெண்ணெய், டீசல் தடவறவங்க இருக்காங்க, ரப்பர் பூட்ஸுக்கு அது வெசமுங்க. தினமும் போடறதுக்கு முன்னால தலைகீழா ரெண்டு தட்டு. எனக்கு ஒரு தடவை தேள் விழுந்துது, பக்கத்துத் தோட்டத்துல கட்டுவிரியன் குட்டி விழுந்துது. தலைகீழா மாட்டச் சொல்றதுக்கு அதுவும் ஒரு காரணம்.

வன்னிக்கொட்டில்:
பாம்பு எண்டதும் ஞாபகம் வருது, விடியப்புறம் இருட்டுக்கை வைக்கல் போரடியில மிதிபடுற கண்ணாடி விரியன் பெரும்பாலும் பாதத்திலையும் கணுக்காலிலையும்தான் கொத்தும். முழங்கால் பூட்ஸ் பெரிய காவல். முழுக்காவல் எண்டு நம்பி லைட் அடிக்காமல் போகாதேங்கோ.

மழைக்கோட்டு:
ஓட்டை விழுந்தா சைக்கிள் கடையில பஞ்சர் ஒட்டலாமா?

ஹார்டுவேர்ஸ்_கடை:
ரப்பர் பூட்ஸுக்கு தாராளமா ஒட்டலாம், உப்புத்தாள் போட்டு தேய்ச்சு, சொல்யூஷன் தடவி காய விட்டு, டியூப் பேட்ச் வெச்சு அமுக்கினா ஒரு மழைக்காலம் ஓடிடும். பிவிசில அந்த சொல்யூஷன் பிடிக்காது, உரிஞ்சு வந்துடும். உடனே எல்லாரும் பைப்புக்கு போடற கம்மை எடுத்து பூசுவாங்க, அது காஞ்சா கண்ணாடி மாதிரி வெறைச்சு, மடியிற இடத்துல பக்கத்துலயே புதுசா விரிசல் விடும். கணுக்கால்ல விட்ட பிவிசிய ஒட்டவே ஒட்டாதீங்க. கணுக்காலோட வெட்டி எடுத்துட்டு அடிப்பாகத்தை மாட்டுத்தீவனம் வெக்கிற பக்கம் போட்டுக்கற செருப்பா வெச்சுக்கங்க, என் அப்பா அதைத்தான் பண்ணுவார்.

அப்புறம் அடித்தடம். ஆழமான பட்டை வெச்சது மண்ணு சேத்துக்கு. சிமெண்ட் தரைக்கு அது ஆகாது, இடுக்குல சாணி அடைச்சிக்கிட்டு வழவழன்னு ஆயிடும். உங்களுக்கு பாதி பாதி இருக்கறதால நடுத்தர ஆழம், பட்டை அகலமா இடைவெளி விட்டு இருக்கறது. தரையில பாசி பிடிச்சிருந்தா பூட்ஸைக் குத்தம் சொல்லாதீங்க, தரையை பிளீச்சிங் பவுடர் போட்டு தேய்ங்க.

வைக்காட்டோ_தம்பி:
இன்னொண்ணு அண்ணாச்சி, கறவை மெஷின், தீவனம் வெட்டுற சாஃப் கட்டர்லாம் ஈரத்தரையில ஓடும்போது கம்பூட்ஸ் போட்டிருக்கோமே கரண்டு அடிக்காதுன்னு நெனைச்சிராதீய. சாதா பூட்ஸ் கரண்டுக்குன்னு சோதிச்சது கிடையாது, உள்ள ஈரம் இருந்தா சுத்தமா நம்பக்கூடாது. லைன்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்டு கசிஞ்சா தானா கட் ஆகுற சுவிட்ச், போட்டுருங்க.

தென்பெண்ணைக்கரை:
எல்லாருக்கும் நன்றி. தோல் டாக்டரைப் பாத்தாச்சு, ஒரு வாரம் தம்பிதான் கறந்தான், மாடு அவன்கிட்ட ஒழுங்கா சொரக்கல, அது வேற கதை. நேத்து டவுனுக்குப் போய் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கற பிவிசி, நைட்ரைல் கலந்த அடி, ஸ்டீல் டோ, ஒரு ஜோடி 780. ரெண்டு ஜோடி வாங்கிட்டேன். சாயங்காலமா போய், சாக்ஸ் போட்டுக்கிட்டு போட்டுப் பாத்தேன், குதிகால் கொஞ்சம்கூட தூக்கல. கடைக்காரப் பையன் நான் பூட்ஸை மடக்கி பத்து எண்ணுறதை விநோதமா பாத்தான்.

தென்பெண்ணைக்கரை:
ஆறு வாரம் கழிச்சு அப்டேட். மழை நல்லா கொட்டிருச்சு இந்த தடவை. ரெண்டு ஜோடிலயும் ஒரு கீறல் இல்ல, கால் ஆறிடுச்சு. சேத்துல ரெண்டு தடவை மாட்டினேன், பூட்ஸும் சேர்ந்தே வந்துச்சு. மொத மூணு நாள் உம்பளச்சேரி மட்டும் சத்தம் கேட்டு மிரண்டு காதை நிமித்திக்கிட்டு பாத்துச்சு, இப்ப பழகிடுச்சு. மண்ணு பக்கத்துக்கும் கல்லு சோலிங் போட கொத்தனார்கிட்ட பேசிருக்கேன்.

ஆயா விஷயம். லட்சுமிக்குன்னு தனியா வாங்கினதுன்னு சொன்னேன். ஒண்ணும் பேசல. மறுநாள் காலைல போய் பாத்தா முளைக்குச்சில தொங்குற ரெண்டு ஜோடி மேலயும் மஞ்சள் குங்குமம் வெச்சிருக்கு. இப்ப அம்மாவும் எனக்கு ஒரு ஜோடி வாங்குடாங்குது, கால் சைஸ் 4. எங்க தேடினாலும் 6ல இருந்துதான் ஆரம்பிக்குது.

கால்நடை_அக்கா:
என் பத்து வருஷப் புலம்பல் இது. கொட்டாய் வேலைல பாதிக்கு மேல பாக்குறது பொம்பளைங்க, பூட்ஸ் செய்யறது மட்டும் ஆம்பளை காலுக்கு. பெரிய சைஸை துணி திணிச்சு போட வெக்காதீங்க, வழுக்கி விழுவாங்க. நான் போடறது 5, ஆர்டர் சொல்லித்தான் வாங்குறேன்.

ஹார்டுவேர்ஸ்_கடை:
அம்மாவுக்கு 4 வேணும்னா ஸ்கூல் பசங்க சைஸ் பூட்ஸ் தேடாதீங்க, அதுல ஸ்டீலும் இருக்காது, அடியும் மெலிசு. கம்பெனி 5ல இருந்து தர்றான், என்கிட்ட ரெண்டு ஜோடி இருக்கு. 5 வாங்கி உள்ள ஒரு முழு இன்சோல், கனமான சாக்ஸ். குதிகால் தூக்குதான்னு நீங்களே பக்கத்துல நின்னு பாருங்க, தூக்கினா திருப்பிக் கொடுத்துடுங்க, சேத்துல மிதிக்காம இருந்தா போதும், வாங்கிக்கறேன்.